சவுக்கடித் தூணுக்கு வண்ணம் பூசுகிறவர்கள்

ஸால்வடோர் நகரத்தின் பழைய மையத்துக்குப் பெலூரின்யோ என்று பெயர். போர்ச்சுகீசிய மொழியில் அதற்குச் சவுக்கடித் தூண் என்று அர்த்தம். அடிமைகளை ஊர் பார்க்கக் கட்டிவைத்துத் தோலை உரித்த தூண். தூணைப் பிடுங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. பெயரைப் பிடுங்க முடியவில்லை. இன்றைக்கு அந்த மேட்டில் ரோஸ், நீலம், மஞ்சள் என்று வண்ணம் பூசிய வீடுகள். மணிமாலைக் கடை, மத்தளக் கடை, சாப்பாட்டுக் கடை. 1985இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. உலகத்துச் சுற்றுலாக்காரனெல்லாம் சவுக்கடித் தூண் என்ற பெயருள்ள இடத்தில் நின்று பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொள்கிறான்.

பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரையில் பாஹியா மாநிலத்தின் தலைநகர் இது. ஜனத்தொகை சுமார் 24 லட்சம். 2022 கணக்கெடுப்பில் இவர்களில் நூற்றுக்கு 83 பேர் தங்களைக் கறுப்பர் என்றோ கலப்பினத்தார் என்றோ பதிந்திருக்கிறார்கள். இந்த ஊரைப் பற்றி யார் எழுதினாலும் மகிழ்ச்சி, நடனம், மத்தளம், கடல், சமையல் என்று ஒரே பாட்டுத்தான். கேட்டா, இங்க எல்லாரும் கலந்துட்டாங்க, நிற வித்தியாசமெல்லாம் கிடையாதுங்கிறாங்க. நான் அந்த ஊருக்குப் போனதில்லை. அந்த ஊர்க் கறுப்பர்களும் அவர்கள் பக்கம் நின்ற வரலாற்றாளர்களும் பதிந்துவைத்ததைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். என் வழக்கு இதுதான்: ஸால்வடோர் தன்னுடைய ‘குணம்’ என்று எதையெல்லாம் விற்கிறதோ, அதையெல்லாம் முதலில் அது தடைசெய்தது. தடை எடுபடாதபோது ரசிக்க ஆரம்பித்தது. ரசித்ததைச் சரக்காக்கியபோது, அதை உண்டாக்கியவர்களை இடத்தைவிட்டுக் காலிசெய்யச் சொன்னது. இதற்குக் கலப்பு என்று பெயர் வைப்பது மோசடி.

முதலிலிருந்து பார்ப்போம்.

1501 நவம்பர் 1 அன்று போர்ச்சுகீசியக் கப்பல்கள் அந்த வளைகுடாவுக்குள் நுழைந்தன. அன்றைக்குச் சகல புனிதர்களின் திருநாள். ஆகவே ‘சகல புனிதர்களின் வளைகுடா’ என்று பெயர் வைத்தார்கள். ஏற்கெனவே அங்கே துப்பினம்பா மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அந்த இடத்துக்கு வேறு பெயர் இருந்திருக்கும் என்பது புனிதர்களுக்குக் கவலையில்லை. 1549இல் தோமே த சோசா என்கிற முதல் ஆளுநர் வந்திறங்கி, மேட்டின்மேல் கோட்டை நகரம் கட்டினார். 1763இல் ரியோ டி ஜனீரோவுக்கு மாற்றும்வரை, 214 வருஷம், போர்ச்சுகீசியப் பிரேசிலுக்கு இதுதான் தலைநகர். நகரத்துக்கு ‘ரட்சகர்’ என்று பெயர். வளைகுடாவைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்கள், ஆலைகள். ஆலைக்கு ஆள் வேண்டும். அடிமை வியாபாரம் பற்றிய ஆய்வுகளின் கணக்குப்படி, பாஹியாவில் மட்டும் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர். நடுக்கடலில் செத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கோவாவிலிருந்து லிஸ்பனுக்குத் திரும்புகிற கப்பல்களும் இந்தத் துறைமுகத்தில் ஒதுங்கிப் போயின. இந்தியத் துணி இங்கே இறங்கியது. அதே துணி ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகவும் போனது. மேற்குக் கடற்கரைப் பலாவும் அந்த வழியில் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கே பலாவுக்கு ‘ஜாக்கா’ என்றுதான் பெயர். நம்ம பக்கத்து மலையாளத்துச் சக்கைதான் அது. தறிநெசவுக்காரனுக்குத் தன் துணி எதற்கு விலையாகிறது என்று தெரிந்திருக்காது. வாங்கி விற்றவனுக்குத் தெரியும்.

நகரத்தின் அமைப்பைக் கவனியுங்கள். மேல் ஊர், கீழ் ஊர் என்று இரண்டு அடுக்கு. நடுவில் சுமார் 70 மீட்டர் செங்குத்துச் சரிவு. மேலே ஆளுநர், பிஷப், நீதிமன்றம், கனவான்களின் மாளிகைகள். கீழே துறைமுகம், கிடங்கு, சந்தை. இரண்டையும் சேர்த்தது எது? கறுப்பர்களின் தலையும் தோளும். சர்க்கரை மூட்டை, மதுப் பீப்பாய், பியானோ, பிணம் எல்லாம் அவர்கள் தலைமேல் ஏறி இறங்கின. பல்லக்கில் கனவானும் அவன் வீட்டம்மாவும் ஏறினார்கள். தூக்கியவர்கள் செருப்பில்லாத கால்கள். கூலிக்கு அனுப்பப்பட்ட அடிமை, சம்பாதித்ததில் பெரும்பங்கை ராத்திரி எஜமானிடம் கொடுக்க வேண்டும். 1873இல் மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் இடையே லசெர்தா மின்தூக்கியைத் திறந்தார்கள். இன்றைக்கு அஞ்சலட்டையில் வருகிற பெரிய அதிசயம். அதே 1873இல்தான் புனேயில் ஜோதிராவ் புலே குலாம்கிரியை வெளியிட்டு, அமெரிக்காவில் அடிமைத்தனத்தை ஒழித்த நல்லவர்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். ஸால்வடோரில் அடிமைத்தனம் இன்னும் 15 வருஷம் மிச்சம் இருந்தது. மின்தூக்கியைப் போற்றுகிற எழுத்தாளர்கள், அதற்கு முந்தைய 300 வருஷத் தூக்கி யார் என்று ஒரு வரி எழுதுவதில்லை.

அந்தத் தூக்கிகள் ஒருநாள் தூக்க மாட்டோம் என்றார்கள். 1857 ஜூன். சுமைதூக்கும் ஆப்பிரிக்கர்கள் பெயரைப் பதிய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், எண் பொறித்த உலோகத் தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நகராட்சி சட்டம் போட்டது. நாய்க்கு வில்லை கட்டுகிற மாதிரி. அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் துறைமுகம் கிடந்தது கிடந்தபடி. சரக்கு இறங்கவில்லை, பல்லக்கு நகரவில்லை. கட்டணத்தை அரசு கைவிட வேண்டியதாயிற்று. சங்கம் இல்லை, கொடி இல்லை. பிரேசிலின் தொழிலாளர் வரலாற்றை ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைத் தொழிலாளியில் தொடங்குகிற தோழர்கள், இந்த ஜூனை எங்கே வைப்பார்கள்?

கலகம் என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1798 ஆகஸ்ட் 12 காலையில் நகரத்துச் சுவர்களில் கையெழுத்துத் துண்டறிக்கைகள் ஒட்டப்பட்டிருந்தன. குடியரசு வேண்டும், நிறம் பார்க்காத சமத்துவம் வேண்டும் என்றன அவை. சதியில் படித்த வெள்ளைக் கனவான்களும் இருந்ததாகப் பேச்சு. டாக்டர் சிப்ரியானோ பராட்டாவைப் பிடித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். 1799 நவம்பர் 8 அன்று பியெதாதே சதுக்கத்தில் தூக்கில் தொங்கியவர்கள் நாலு பேர். ழுவாவ் த தேவுஸ், மனுவெல் ஃபவுஸ்தீனோ இருவரும் தையல்காரர்கள். லூக்காஸ் தாந்தாஸ், லூயிஸ் கொன்ஸாகா இருவரும் படைவீரர்கள். நாலு பேரும் கறுப்பு ரத்தம் கலந்தவர்கள். உடலைத் துண்டுபோட்டு ஊரில் காட்சிக்கு வைத்தார்கள். பியெதாதே என்றால் இரக்கம் என்று அர்த்தம். கலப்பு, கலப்பு என்கிறீர்களே, தூக்குமரத்தில் ஏன் அய்யா கலக்கவில்லை?

1835 ஜனவரி 24 நள்ளிரவு. ரமலான் மாதக் கடைசி. மாலே என்றழைக்கப்பட்ட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் திட்டமிட்ட கிளர்ச்சி, காட்டிக்கொடுக்கப்பட்டதால் நேரத்துக்கு முன்பே வெடித்தது. சுமார் 600 பேர் தெருவில் இறங்கினார்கள். விடிவதற்குள் 70 பேருக்கு மேல் செத்தார்கள். செத்தவர்கள் கழுத்துத் தாயத்துகளிலும், சோதனைபோட்ட குடிசைகளிலும் அரபு எழுத்துத் தாள்கள் கிடைத்தன. எஜமானர்களிலேயே பலருக்குக் கையெழுத்துப் போட வராத காலம் அது. மூட்டை தூக்குகிறவன் எழுதப் படிக்கத் தெரிந்தவனாக இருந்தான். அந்தத் தாளே விசாரணையில் குற்றத்துக்குச் சாட்சி ஆனது. எழுத்து நமக்கு எதிரான சாட்சியாக எப்படி மாறும் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சவுக்கடித் தண்டனை பெற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 அடி வீதம் தவணை போட்டு அடித்தார்கள். ஒரேயடியாக அடித்தால் செத்துப்போவான், எஜமானுக்கு நஷ்டம்.

மரணதண்டனை நாலு பேருக்கு. 1835 மே 14 அன்று, போல்வோரா மைதானத்தில். தூக்குமரம் புதிதாக நட்டாயிற்று. தூக்குப்போட ஆள் கிடைக்கவில்லை. சிறையில் இருந்த கைதிகளிடம் கேட்டும் ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் சுட்டுக் கொன்றார்கள். அந்த மைதானத்தின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு வருகிறேன்.

அதற்கு முந்தின நாள், 1835 மே 13, மாகாணச் சட்டம் ஒன்று நிறைவேறியது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் நிலமோ வீடோ வாங்கக் கூடாது. ஆண்டுதோறும் தலைவரி கட்ட வேண்டும். 53 வருஷம் கழித்து, அதே மே 13இல், 1888இல், இளவரசி இசபெல் கையெழுத்திட்டு அடிமைத்தனம் ஒழிந்தது. அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசியாக ஒழித்த நாடு பிரேசில். ஒழித்த சட்டத்தில் இரண்டே ஷரத்து. நிலம் பற்றி ஒரு சொல் இல்லை, கூலிபாக்கி பற்றி ஒரு சொல் இல்லை. நிலம் வாங்கக் கூடாது என்று சொல்ல ஒரு மே 13 இருந்தது; நிலம் கொடு என்று சொல்ல ஒரு மே 13 இல்லாமல் போயிற்று. அந்த ஊர்க் கறுப்பு இயக்கங்கள் மே 13ஐக் கொண்டாட மறுப்பது ஏன் என்று இப்போது புரியும்.

சரி, குணத்துக்கு வருவோம். நடனம் என்கிறார்கள், கப்போயிரா. 1890 தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. தெருவில் ஆடினால் சிறை. சாமி என்கிறார்கள், காண்டொம்ப்ளே. ஒரிஷாக்களுக்கு மத்தளம் அடித்துக் கும்பிடுகிற வழிபாட்டு வீடுகளில் போலீஸ் புகுந்து, புனிதப் பொருட்களைத் தூக்கிப்போய்க் குற்றச் சாமான்களாக வைத்தது. சடங்கு நடத்த போலீசில் பதிந்து அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 1976 ஜனவரி வரை இருந்தது. சூதாட்டத்தைக் கவனிக்கிற போலீஸ் பிரிவுதான் சாமியையும் கவனித்தது. போன்ஃபிம் தேவாலயத்துப் படிகளைக் கறுப்புப் பெண்கள் வாசனைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற ஜனவரித் திருவிழா இன்று பெரிய காட்சி. படியைக் கழுவுகிறார்களே, உள்ளே ஏன் கழுவவில்லை? முன்பு உள்ளேதான் கழுவினார்கள். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் திருச்சபை உள்ளே விடவில்லை. அதனால் படி. கதவைச் சாத்தியதைச் சொல்லாமல் படியை மட்டும் போட்டோ எடுத்தால் அது மத நல்லிணக்கம் ஆகிவிடுகிறது.

சாப்பாடு என்கிறார்கள், அகராஜே. தட்டைப்பயறை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கிற பண்டம். கிட்டத்தட்ட நம்ம வடைதான். காற்றுக்கும் இடிக்கும் தேவதையான இயன்சாவுக்குப் படையல் அது. தலையில் கூடை வைத்து விற்றுப் பல பெண்கள் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினார்கள். இன்றைக்கு அந்த வெள்ளைப் பாவாடை, தலைப்பாகை உருவம்தான் ஊருக்கே முத்திரை. ஆனால் 2014 உலகக் கோப்பைக்குத் தயாரானபோது என்ன நடந்தது? ஃபீஃபா விதிப்படி மைதானத்தைச் சுற்றி அவர்கள் கடை போட முடியாது என்றார்கள். விளம்பரத்துக்கு அவள் படம் வேணும், வியாபாரத்துக்கு அவ வேணாம். பெண்கள் சங்கமாகத் திரண்டு போராடித்தான் உள்ளே இடம் வாங்கினார்கள்.

பெலூரின்யோவில் நடந்தது இதைவிடப் பெரிசு. கனவான்கள் மேட்டைவிட்டு நகர்ந்த பிறகு, அந்தப் பாழடைந்த மாளிகைகளில் ஏழைக் கறுப்பர்கள் அறை அறையாகக் குடியிருந்தார்கள். சுமைக்காரர், சலவைக்காரி, பாலியல் தொழிலாளி, கைவினைஞர். 1979இல் ஒலொதும் என்கிற மத்தளக் குழு பிறந்தது அந்தச் சந்துகளில்தான். 1992 முதல் மாநில அரசு ‘புதுப்பித்தல்’ ஆரம்பித்தது. குடும்பம் குடும்பமாகச் சொற்பப் பணத்தைக் கையில் திணித்து வெளியேற்றினார்கள். பிறகு வண்ணம் பூசினார்கள். 1996இல் மைக்கேல் ஜாக்சன் அங்கே வந்து ஒலொதும் மத்தளக்காரர்களோடு ஆடிப் படம் எடுத்தபோது, பின்னணியில் தெரிந்த சன்னல்களுக்குப் பின்னால் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஊர்க்கோடிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

திருவிழாக் காலத்துக் கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாட்டுக்காரர்கள் நிற்கிற பிரம்மாண்ட லாரியைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள். காசு கொடுத்து வாங்கிய சட்டை போட்டவன் கயிற்றுக்கு உள்ளே ஆடலாம். காசில்லாதவன் வெளியே நெரிசலில். அவர்களுக்குப் ‘பொரி’ என்று பெயர். சட்டியில் வெடிக்கிற சோளப்பொரி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் யார்? சொற்பக் கூலிக்கு வந்த கறுப்பு ஆண்களும் பெண்களும். தன் ஜனத்தை வெளியே நிறுத்துகிற கயிற்றைத் தானே பிடிக்க வேண்டும். கண்டனம் எழுந்தபிறகு கயிறில்லாத லாரிகளும் இப்போது வருகின்றன. கயிறு முழுக்க அவிழவில்லை.

இதற்கெல்லாம் தத்துவம் எழுதிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1933இல் ஜில்பெர்த்து ஃபிரேயரி எழுதிய ‘பெரிய வீடும் அடிமைக் குடிலும்’ என்கிற நூல், கலப்பைப் பிரேசிலின் பெருமையாக்கியது. ‘இன ஜனநாயகம்’ என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கறுப்பு ரத்தத்தை அவமானமாக நினைத்த காலத்தில் அது ஒரு அடி முன்னால்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்து எழுதிய புத்தகம் அது. பெரிய வீட்டுக்காரன் குடிலுக்குள் ராத்திரி நுழைந்ததைக் கலப்பு என்று சொல்லலாமா? அந்தப் பெண்ணைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பாள். நாவலாசிரியர் ஜோர்ஜ் அமாதோவின் கணக்கு வேறு. 1946 அரசியல் சட்டத்தில் வழிபாட்டுச் சுதந்திரம் நுழையக் கம்யூனிஸ்ட் உறுப்பினராக அவர் பாடுபட்டார். காண்டொம்ப்ளே மக்கள் அதை மறக்கவில்லை. அவர் நாவல்களில் சிரித்துக்கொண்டே வளையவருகிற கலப்பினப் பெண்களை மட்டும் உருவிச் சுற்றுலாத் துறை சுவரொட்டி அடித்துக்கொண்டது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். சுற்றுலா இல்லாவிட்டால் மத்தளக்காரனுக்குச் சோறு ஏது? பழுதுபார்க்காவிட்டால் மாளிகைகள் இடிந்து தலையில் விழுந்திருக்காதா? விழுந்திருக்கும். பழுதுபாருங்கள், யார் வேண்டாம் என்றது? குடியிருந்தவனை வைத்துக்கொண்டே பழுதுபார்க்க முடியாதா என்பதுதான் கேள்வி. மத்தளம் விற்கட்டும். ஆனால் மத்தளம் அடிக்கிறவன் பையன் ராத்திரி உயிரோடு வீட்டுக்கு வர வேண்டாமா? 2015 பிப்ரவரி 6 அன்று கபூலா பகுதியில் போலீஸ் 12 கறுப்பு இளைஞர்களைச் சுட்டுக் கொன்றது. அன்றைய மாநில ஆளுநர், போலீஸ்காரரைக் கோல் போட நிற்கிற பந்தாட்டக்காரருக்கு ஒப்பிட்டுப் பேசினார். அந்த ஆண்டே கீழ்நீதிமன்றம் போலீசாரை விடுவித்தது; பிறகு அந்தத் தீர்ப்பு ரத்தானது. 2023 ஆகஸ்ட் 17 அன்று, தப்பியோடிய அடிமைகளின் வழிவந்த சமூகத்தின் நிலத்துக்காகப் போராடிய காண்டொம்ப்ளே தலைவி பெர்னதேத்தே பசீஃபிக்கோ, ஸால்வடோரை ஒட்டிய சிமோயன்ஸ் ஃபில்யோவில் தன் வீட்டுக்குள்ளேயே சுடப்பட்டார். நிலம் என்றவுடன் துப்பாக்கி வருகிறது. மத்தளத்துக்குக் கைதட்டல், நிலத்துக்குக் குண்டு.

ஆனால் அந்த மக்களைச் செத்தவர்களாகவே காட்டுவதும் இன்னொரு வகைச் சுற்றுலாதான். 1974 நவம்பர் 1 அன்று, இராணுவ ஆட்சி நடக்கும்போதே, குருசு பகுதியில் இலே அய்யே என்கிற கறுப்பர் மட்டுமேயான திருவிழாக் குழு உருவாயிற்று. அடுத்த வருஷம் அது தெருவில் இறங்கியதும், ஊரின் பெரிய பத்திரிகை அதை இனவாதக் குழு என்று திட்டியது. நூறு வருஷமாக வெள்ளையர் மட்டுமேயான மன்றங்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்ட பத்திரிகைக்கு, கறுப்பர் ஒன்றுசேர்ந்ததும் இனவாதம் தெரிந்துவிட்டது! 1978இல் இந்த நகரத்தில் கூடிய கறுப்பு இயக்கப் பேரவைதான், தப்பியோடிய அடிமைகளின் தலைவன் ஸும்பியின் நினைவுநாளான நவம்பர் 20ஐக் கறுப்பு உணர்வு நாள் என்று அறிவித்தது. 2024 முதல் அது நாடு முழுக்க விடுமுறை. 1992இல் ஸ்டீவ் பைக்கோ பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, கறுப்பு மாணவர்களைப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுக்குத் தயார்செய்தார்கள். பாஹியா மாநிலப் பல்கலைக்கழகம் 2002இல் இடஒதுக்கீட்டை ஏற்றது, நாட்டிலேயே முன்னோடியாக. இதெல்லாம் நகரம் கொடுத்த கொடை இல்லை. நகரத்திடமிருந்து பிடுங்கியது.

இப்போது போல்வோரா மைதானம். அங்கே ஏறத்தாழ 150 வருஷம், 1844 வரை, ஒரு புதைகுழி இருந்தது. அடிமைகள், ஞானஸ்நானம் பெறாதவர்கள், தூக்கில் செத்தவர்கள், பிச்சைக்காரர்கள் ஆகியோரைச் சவப்பெட்டிகூட இல்லாமல் தள்ளி மூடிய குழி. பிறகு எல்லோரும் மறந்தார்கள். மறந்தார்கள் என்றா சொன்னேன்? மறைத்தார்கள். ஒரு பெண் ஆய்வாளர் பழைய வரைபடங்களையும் இன்றைய படங்களையும் பொருத்திப் பார்த்து இடத்தைச் சொன்னார். 2025 மே 14 அன்று, மாலே கலகக்காரர்கள் சுடப்பட்டு 190 வருஷம் முடிந்த நாளில், தோண்ட ஆரம்பித்தார்கள். எலும்புகள் கிடைத்தன. ஒரு லட்சம் பேருக்கு மேல் அங்கே புதைந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அதன்மேல் என்ன இருந்தது தெரியுமா? கார் நிறுத்துமிடம். பழைய கத்தோலிக்க அறநிலையம் ஒன்றுக்குச் சொந்தமானது.

கறுப்பு இலக்கியம், கறுப்பு இசை என்று நாம் மொழிபெயர்க்கிறோம், சிறப்பிதழ் போடுகிறோம். செய்வோம். ஆனால் ஸால்வடோரைப் பற்றி அடுத்து எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஊரின் மத்தளத்தைக் கேட்டுக் கிறங்குவதற்கு முன், அடிக்கிறவன் எங்கே குடியிருக்கிறான், எத்தனை பஸ் மாறி அந்த மேட்டுக்கு வருகிறான் என்று கேளுங்கள். வண்ணம் பூசிய வீட்டில் முன்னே யார் இருந்தார்கள், பட்டா யார் பேரில் மாறியது என்று கேளுங்கள். கார் நிற்கிற இடத்தின் அடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இவ்வளவும் கேட்டுவிட்டு ஆட வேண்டும் என்று தோன்றினால், ஆடுங்கள்.